மான் வைத்த வோல்கா

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது, தேநீரும் குறையாமல் இருக்கிறது. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு காரின் கதை சொல்கிறேன். சிரிக்க அதில் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை ஒளிக்காமல் தந்துவிடுகிறேன்.

தொலோன் கணவாய்க்கு இந்தப் பக்கம், சாலை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில்தான் அப்போது எங்கள் வீடு. என் கணவர் மாம்பெத் வாசலில் வண்டிகளைப் பழுது பார்ப்பார். அதே கூரையின் மறுபாதியில் நான் தேநீரும் ரொட்டியும் விற்பேன். சாலைப் பணிக்காரர்களின் தொலைபேசி எங்கள் ஜன்னலோரத்தில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத வருடங்கள் அவை. ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி வந்தாலே நாங்கள் அதைப் பற்றி ராத்திரி பேசிக்கொள்வோம்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. கணவாயைத் தாண்டி அத்-பாஷிப் பக்கத்திலிருந்து எர்மெக் பேசினான். ஆக்மத்தின் இளைய மகன். ஆக்மத்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் தன் சாம்பல் நிற வோல்கா காரில் இந்த வழியாகப் போய் வந்து, ஒவ்வொரு தடவையும் எங்கள் வழக்கப்படி நான் உப்பு போட்டுக் கொடுக்கும் தேநீரில் உப்பு குறைவு என்று சொன்ன மனிதர்.

"பாத்மா அக்கா, எங்க அண்ணன் ஒரோஸ்பெக் அங்க வந்துட்டாரா?"

"இல்லையேப்பா. வரானா?"

"விடிகாலை நாலு மணிக்கே பாலிக்சில இருந்து கெளம்பியிருக்கார்." அதற்குப் பிறகு அவன் குரல் இறங்கியது. "அப்பா போயிட்டார், அக்கா. புதன்கிழமை விடியறப்போ. அண்ணன் ஏரில படகு வேலையா போயிருந்தார், நேத்து ராத்திரிதான் ஆள் கெடச்சார். ஒடம்பு முடியல, வான்னு மட்டும்தான் சொன்னேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு ராத்திரி வச்சாச்சு. இன்னைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கறோம். மூணாவது ராத்திரி கூடவே கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அண்ணன் வந்தா டீ குடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்க. ஆனா ஒண்ணும் சொல்லிடாதீங்க, அக்கா. கணவாய்ல அழுதுகிட்டு ஓட்டினா அவரையும் எடுக்க வேண்டியிருக்கும்."

எங்களில் சாவை வழியில் வைத்துச் சொல்வதில்லை. சொந்தத்தில் மூத்த ஆண் ஒருவர், நாலு பேர் சுற்றி நிற்க, தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதேபோல அப்பாவின் குழியில் மகன் ஒரு பிடி மண் போட வேண்டும். போடாத மகனை யாரும் திட்ட மாட்டார்கள். அவனே அவனை விட மாட்டான், சாகிறவரைக்கும்.

பாலிக்சியிலிருந்து எங்கள் வாசலுக்கு நாலு மணி நேரம். இங்கிருந்து அவர்கள் ஊருக்கு இரண்டு, இரண்டேகால் மணி நேரம். நேரம் தாராளமாக இருந்தது. நான் எழுந்து எண்ணெய் காய வைத்து, போர்சோக் பொரிக்க மாவு உருட்டினேன். புதிதாக இறந்தவருக்கும், வெள்ளிக்கிழமைகளில் முன்பே போன பெரியவர்களுக்கும் அந்த எண்ணெய் மணம் போய்ச் சேர வேண்டும். ஆக்மத்துக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு வோல்கா வந்தது, ஆக்மத் தன் மகனிடம் கொடுத்துவிட்ட அதே வண்டி. வந்தது என்று சொல்லக்கூடாது, புகைந்துகொண்டு ஊர்ந்தது. மூக்கில் பாயும் மான் பொம்மை, பின்னால் வெள்ளை ஆவி. வாசலில் நின்றதும் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒரோஸ்பெக் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தான். நாற்பது வயதிருக்கும். அப்பாவின் காதுகள் அப்படியே.

"மாம்பெத் அண்ணா, வண்டி என்னைவிட அதிகமா வேர்க்குது."

மாம்பெத் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வந்த செய்தி அவருக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மானுக்குத் தாகம்டா. நீ தண்ணி காட்டாம மலை ஏத்தியிருக்க."

"ரேடியேட்டரைப் பாக்காம விட்டது என் தப்புதான். அவசரத்துல கெளம்பிட்டேன்."

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். அதன் நுனியில் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் ஒட்டியிருந்தது. இன்ஜினின் மூடியான ஹெட்டும் உடலான பிளாக்கும் சேரும் கோட்டில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மாம்பெத் அந்த ஈரத்தைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஹெட் கேஸ்கெட் போச்சு. கழட்டணும்." இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு அது.

நான் உள்ளே போய் எர்மெக்கைக் கூப்பிட்டேன். மாம்பெத் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். "பத்து மணிக்கு அனுப்பிடறேன்டா. என்கிட்ட பழைய ஜீப் கேஸ்கெட் ஒண்ணு தொங்குது, அது இதுக்குச் சரியா உக்காரும். நீ அங்க இருந்து வண்டி எல்லாம் அனுப்ப வேணாம், இருக்கற வண்டியெல்லாம் துக்கத்துக்கு வர்றவங்களுக்கு வேணும்." இப்படிச் சொல்லிவிட்டு வெளியே போனார். கெட்டிக்காரர்தான் என் கணவர். அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவர் நம்பாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பது மணிக்கு ஷாம்ஷியின் லாரி வந்தது. நிலக்கரி ஏற்றி நேரே அத்-பாஷிக்குப் போகிறது. இதைத்தான் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்தேன். ஷாம்ஷி தேநீர்க் கோப்பையோடு வோல்காவைச் சுற்றி வந்தான்.

"யாரு, ஒரோஸ்பெக்கா? இந்தக் கெழவிய இன்னும் கட்டிக்கிட்டு அழறியா நீ?"

"உன் வண்டிக்கு இவ பாட்டி முறை ஆகணும், மரியாதையா பேசு."

"என் பேத்தி நிலக்கரி தூக்கறா. உன் பாட்டி படுத்துட்டா. வா, மேல ஏறு. பதினோரு மணிக்குள்ள வீட்டு வாசல்ல எறக்கி விடறேன்."

மாம்பெத் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் கதவோரத்தில் நின்றேன்.

ஒரோஸ்பெக் இல்லையென்று தலையாட்டினான். "முடியாதுப்பா. வண்டியோடதான் போகணும். அப்பா வண்டியத்தான் கேக்கறாராம். எர்மெக் போன்ல சொன்னான். ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கணும்னு ஆசைப்படறாராம். வண்டிய இங்க விட்டுட்டு வெறுங்கையோட போய் என்ன மூஞ்சிய காட்டறது?"

அது எனக்குப் புதிது. எர்மெக் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் சந்தேகப்பட்டு, "அவ்வளவு முடியாம இருக்காரா, எதாவது கேட்டாரா?" என்று துருவியபோது, சாவை மறைப்பதற்காக அந்தப் பையன் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளாக எதுவும் கேட்காத மனிதர் காரைக் கேட்டதாக.

"வண்டிய நான் நாளைக்குக் கொண்டாந்து விடறேன்," என்றார் மாம்பெத். "நீ போ."

"உங்களுக்கு ஏன் அண்ணா அந்த அலைச்சல்?"

நான் சொன்னேன், "ஒடம்பு முடியாத மனுஷனுக்குக் காரைவிடப் புள்ளதான் முக்கியம், தம்பி. ஏறிக்கோ."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடி, அவன் கண்ணில் ஏதோ நின்றது. சொல்லிவிட வாயெடுத்தேன். ஆனால் நான் அவன் சொந்தமும் இல்லை, ஆணும் இல்லை. சுற்றி நாலு பேரும் இல்லை. நான் பார்வையைத் தட்டுக்குத் திருப்பி, "போர்சோக் எடுத்துக்கோ, சூடா இருக்கு" என்றேன்.

அவன் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "என்னக்கா, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"வெள்ளிக்கிழமை இல்லையா."

"அடடா, ஆமாம்ல." கண்ணில் நின்றது போய்விட்டது. தன் அப்பாவுக்காகப் பொரித்ததை ருசித்துச் சாப்பிட்டான், என் கண்ணுகளே. ஷாம்ஷிக்கும் ஒன்று நீட்டினான்.

லாரி புறப்பட்டுக் கணவாய் வளைவில் மறைந்தது. அன்றைக்கு அந்தத் திசையில் வேறு வண்டி வரவில்லை.

ஹெட் கழன்று வர மறுத்தது. பத்து நட்டும் கழன்றுவிட்டன, ஆனால் அலுமினியம் இரும்புத் தண்டுகளோடு பல வருடமாக ஒட்டி உறைந்துபோயிருந்தது. மாம்பெத் மண்ணெண்ணெய் ஊற்றினார். மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். அசையவில்லை. நெம்பினால் விளிம்பு உடைந்துவிடும். மணி பத்தாயிற்று. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு குளிரில்.

"எதுக்கு அண்ணா இவ்வளவு பதட்டம்? மெதுவா பண்ணுங்க. சாயங்காலம் போனாலும் போதும். அப்பா எங்க ஓடிடப் போறார்?"

மாம்பெத் பிளக்குகளைத் திரும்ப மாட்டினார். வால்வைத் தள்ளும் தண்டுகளை முன்பே உருவி வைத்திருந்தார். முன்பக்கம் சுற்றும் கைப்பிடியைச் சொருகி, "சுத்து" என்றார். உள்ளே அடைபட்ட காற்று தன்னாலேயே ஹெட்டைத் தூக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரோஸ்பெக் பல்லைக் கடித்துச் சுற்றினான். ஏழாவது சுற்றில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வந்து, ஹெட் ஒரு முடி அளவு எழுந்தது.

இரண்டு ஆண்களும் கைகளைத் தட்டிக்கொண்டார்கள். அந்த நிமிஷம் நானும் நம்பினேன். மணி பத்தே முக்கால்.

பழைய கேஸ்கெட் இரண்டாவது ஓட்டைக்கும் மூன்றாவது ஓட்டைக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு எரிந்து கரியாகியிருந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய ஜீப் கேஸ்கெட்டை மாம்பெத் இறக்கினார். கால்நடை மருத்துவரின் ஜீப்பிலிருந்து எப்போதோ எடுத்தது, செம்பு விளிம்பு இன்னும் நன்றாக இருந்தது. இரு பக்கமும் கிராஃபைட் கிரீஸ் தடவினார். பிளாக்கைக் கண்ணாடி போலத் துடைத்தார். நடுவிலிருந்து வெளியே, குறுக்குமறுக்காக, மூன்று தடவை சுற்றி வந்து நட்டுகளை முறுக்கினார். எண்ணெயையும் மாற்றினார்.

பதினொன்றரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஒரு சொட்டு கூட இல்லை. புகையும் இல்லை.

"போயிடலாமா?" என்றான் ஒரோஸ்பெக்.

இங்கேதான் அந்தத் தொழிலின் கொடுமை. அலுமினிய ஹெட்டை முறுக்கி, ஓட்டிச் சூடாக்கி, பிறகு முழுக்க ஆறவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஏற்றத்தில் போனால் கணவாய் உச்சிக்குப் போவதற்குள் மறுபடி வாயைத் திறக்கும். அங்கே நின்றால் யாரும் இல்லை. ஆற இரண்டு மணி நேரம் வேண்டும். இருந்தது அதில் கால்வாசிகூட இல்லை.

மாம்பெத் என்னை உள்ளே இழுத்தார். "அனுப்பிடட்டுமா, பாத்மா? இல்ல ஆற விடட்டுமா?"

"சொல்லிடுங்க அவன்கிட்ட. சொன்னா அவனே முடிவு பண்ணுவான்."

"நான் யாருடி அவனுக்கு? எங்க ரெண்டு பேரையும் சுத்தி நிக்கறது இந்த வண்டி ஒண்ணுதான். என் வாயால வரக்கூடாது."

"அப்ப எர்மெக்கைக் கூப்பிட்டு..."

கூப்பிட்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். ஆண்கள் எல்லாரும் குழி வெட்டப் போயிருக்கிறார்கள் என்றாள்.

மாம்பெத் வெளியே வந்து பானெட்டைத் திறந்து போட்டு, தன் தொப்பியால் இன்ஜினுக்கு விசிறினார். பார்த்தால் சிரிப்பு வரும். ஒரோஸ்பெக் சிரித்தான். "அண்ணா, அதுக்குக் காய்ச்சலா?" முக்கால் மணி நேரம் பொறுத்து, தொட்டால் சுடும் பதத்திலேயே இரண்டாம் தடவை முறுக்கிவிட்டார். முறைப்படி அது தப்பு. ஆனால் பிடித்தது.

புறப்படும்போது ஒரோஸ்பெக் என்னிடம் வந்தான். "அக்கா, ஒரு பழைய துணி இருந்தா குடுங்களேன். மெத்துன்னு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கை துடைக்க என்று நினைத்தேன். பழைய ஃபிளானல் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். மாம்பெத் ஜன்னலில் குனிந்து, "வழியில எங்கயும் நிக்காத. நேரா போ" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"சரி அண்ணா. அப்பாகிட்ட உங்க சலாம் சொல்றேன்."

மணி பன்னிரண்டே கால். நான் மறுபடி ஊருக்குக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எர்மெக் கிடைத்தான். "கெளம்பிட்டான். ரெண்டரைக்கு வந்துடுவான். கொஞ்சம் பொறுங்க," என்றேன். பெரியவர்களிடம் கெஞ்சிப் பார்க்கிறேன் என்றான்.

கெஞ்சியிருக்கிறான். ரெண்டே முக்கால் வரை பொறுத்தார்களாம். தூரத்து ஊர்க்காரர்கள் திரும்பிப் போக வேண்டும், மலையில் பனி வேறு இறங்கத் தொடங்கியிருந்தது. வண்டி கணவாயில் நின்றுவிட்டது போல என்று முடிவு செய்து எடுத்துவிட்டார்கள்.

வண்டி நிற்கவில்லை. நாற்பதாம் நாள் முடிந்து பாலிக்சிக்குத் திரும்பும் வழியில் ஒரோஸ்பெக் எங்கள் வாசலில் இறங்கினான். தாடி வளர்ந்திருந்தது. உட்கார்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அவனே சொன்னான்.

"வண்டி பூ மாதிரி போச்சு, அக்கா. ரெண்டு இருபதுக்கு ஊருக்குக் கீழ பாலத்துகிட்ட வந்துட்டேன்."

"ரெண்டு இருபதுக்கா?" என்றார் மாம்பெத்.

"ஆமாம் அண்ணா. வண்டி முழுக்கச் சேறு. அப்பா உக்காரப் போறாரே, இப்படி எப்படிக் கொண்டுபோறதுன்னு ஆத்தோரமா நிறுத்திக் கழுவினேன். அந்த மானைத் தனியா தொடச்சேன். அவருக்கு அது பளபளன்னு இருக்கணும்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தொடச்சிகிட்டு இருக்கறப்போ மேட்டுல ஆளுங்க போறது தெரிஞ்சுது. நெறைய பேர், வேகமா. தோள்ல தூக்கிகிட்டுப் போனாங்க. ஊர்ல யாரோ தவறிட்டாங்க போல, பாவம்னு நெனச்சேன். போய் ஒரு பிடி மண் போடலாம்னுகூடத் தோணுச்சு. ஆனா கை ரெண்டும் கிரீஸ். முதல்ல அப்பாவைப் பாப்போம்னு நின்ன எடத்துலயே கையை விரிச்சு, யாரா இருந்தாலும் நல்ல எடத்துல சேரட்டும்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் பின்பக்கக் கண்ணாடியத் தொடச்சேன்."

அடுப்பில் கேத்தல் கொதித்தது. யாரும் எழுந்து இறக்கவில்லை.

"மொத வீட்டு வாசல்ல ஒரு அம்மா சொன்னாங்க. ஓடினேன். குழி மேல மண்மேடு கட்டி முடிச்சுட்டாங்க. மண்வெட்டியைத் தோள்ல போட்டுகிட்டு எதிர்ல வந்துகிட்டு இருந்தாங்க."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "அக்கா, அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போர்சோக் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"சொல்லியிருந்தா ஷாம்ஷி வண்டியில ஏறியிருப்பேன்."

"ஆமாம் தம்பி."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எர்மெக்கும் அதையேதான் சொல்றான். சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லலன்னு. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அக்கா. அதான் எனக்கு யார் மேலயும் கோவப்படவும் வழியில்ல."

பையிலிருந்து என் ஃபிளானல் துண்டை எடுத்து வைத்தான். துவைத்து, நாலாக மடித்து வைத்திருந்தான்.

மாம்பெத் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பானெட்டைத் தூக்கி, ஹெட்டுக்குக் கீழே அந்தக் கோட்டில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி தடவினார். எங்கேயாவது ஈரம் இருக்காதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. உள்ளே வந்து, "காஞ்சுதான் இருக்கு" என்றார்.

அந்தக் கேஸ்கெட் கடைசி வரை கசியவில்லை, என் கண்ணுகளே. ஒரோஸ்பெக் பல வருடம் அந்த வழியில் போய் வந்தான். என் வாசலில் எப்போதும் நிற்பான், தேநீர் குடிப்பான், உப்பு குறைவு என்பான். வண்டியை மட்டும் பிறகு கழுவினதே இல்லை. மான் கறுத்துப்போயிற்று. நானும் அந்தத் துண்டை எதற்கும் எடுக்கவில்லை, அலமாரியில் கிடக்கிறது.

தேநீர் ஆறிவிட்டது பாருங்கள். கைகளை விரியுங்கள், இப்படி, ஏந்துகிற மாதிரி. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூப்பிடும்போது நீங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். தூரத்தில் இருக்க நேர்ந்தால், வழி உங்களை நிறுத்தாமல் விடட்டும். உங்கள் வாசலுக்கு ஒரு செய்தி வரும் நாளில், அதைச் சுமந்து வருகிறவருக்கு வாய் எழட்டும். அப்படியே ஆகட்டும், ஓமின்.